ஆண்டவருக்கு நிறம் முக்கியமில்லைன்னா, படத்தை மாத்தினா ஏன் கோபம் வருது?

நீளமான இழை. பொறுமை இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க. சண்டை போட வர்றவங்களும் முழுசாப் படிச்சிட்டு வாங்க.

இந்த கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காலையில எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு படம் போட்டேன். பழுப்பு நிறம், அகலமான முகம், தடிச்ச மூக்கு, ஒட்ட வெட்டின சுருட்டை முடி, குட்டைத் தாடி. 2001ல பிபிசி தொடர் ஒண்ணுக்காக மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ ஓவியர் ரிச்சர்ட் நீவ் உருவாக்கின முகம். இயேசு வாழ்ந்த காலத்துல அந்தப் பகுதியில இருந்த ஒரு யூத ஆண் ஏறக்குறைய இப்படி இருந்திருப்பார்னு காட்டறதுக்காகச் செஞ்சது. கீழே நான் எழுதினது ஒரே வரி: "நம்ம காலண்டர்ல இருக்கற முகத்தைவிட இது உண்மைக்குப் பக்கம்."

முதல் பதில் சித்தப்பாகிட்ட இருந்து. "தம்பி, நல்ல நாளும் அதுவுமா இதை எடுத்துடு. கோயம்பேட்டு லோடுமேன் மாதிரி இருக்கு."

பத்து நிமிஷம் கழிச்சு அவரே மறுபடியும். "ஆண்டவருக்கு நிறம் எல்லாம் முக்கியமில்லப்பா. இருதயம்தான் முக்கியம். டாக்டருக்குப் படிச்சிட்டு இதைப் போய் கிளறிக்கிட்டு இருக்கியே."

சித்தப்பா தங்கமான மனுஷன். நான் எம்பிபிஎஸ் படிச்ச காலம் முழுக்க ஞாயித்துக்கிழமை சாப்பாடு அவர் வீட்டுலதான். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்த ரெண்டு மெசேஜும் ஒண்ணா நிக்காது சித்தப்பா. முக்கியமில்லைன்னா எந்தப் படம் இருந்தா என்ன? எடுக்கச் சொல்றீங்கன்னா முக்கியம்னுதானே அர்த்தம்?

இந்த "முக்கியமில்ல"ங்கற வார்த்தையைப் பத்திதான் இந்த இழை.

முதல்ல ஒத்துக்க வேண்டியதை ஒத்துக்கறேன். நாலு சுவிசேஷத்துலயும் இயேசுவோட உயரம், நிறம், முடி, கண் பத்தி ஒரு வரி கிடையாது. யாரைத் தொட்டார், யாரோட உக்காந்து சாப்பிட்டார், எங்க அழுதார்னு எழுதினவங்க, முகம் எப்படி இருந்துச்சுன்னு எழுதல. காட்டிக்கொடுக்கப் போன யூதாஸ் முத்தமிட்டு அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. சீஷர்கள் கூட்டத்துல தனியாத் தெரியற ஆளா அவர் இருந்திருந்தா முத்தம் எதுக்கு? உயிர்த்தெழுந்த காலையில மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரன்னு நினைச்சாங்க. லோடுமேனுக்கும் தோட்டக்காரனுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இல்ல சித்தப்பா.

கிணத்தடியில சமாரியப் பெண் மட்டும் பார்த்ததும் ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. இவர் யூதர். உடையை வெச்சா, பேச்சை வெச்சான்னு யோவான் எழுதல. ஆனா எதிர்ல இருக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சது அதுதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

ஆதிச் சபையிலயே இதைப் பத்தி வாக்குவாதம் இருந்துச்சு. ரெண்டாம் நூற்றாண்டுல செல்சஸ்ங்கற கிரேக்கத் தத்துவவாதி, உங்க கடவுள் குள்ளமா, அழகே இல்லாம இருந்தாராமேன்னு கிறிஸ்தவர்களைக் கிண்டல் அடிச்சார். அதுக்கு ஒரிகன் பெரிய மறுப்பு நூலே எழுதினார். தெர்த்துல்லியன் மாதிரி ஆட்கள் ஏசாயா 53ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆமா அவர்கிட்ட பார்க்கற அழகு இல்லதான், அதனால என்னன்னு நின்னாங்க. பிறகு வந்த ஜெரோம், கிறிசோஸ்தோம் எல்லாம் 45ஆம் சங்கீதத்தைக் காட்டி, இல்ல அவர் பேரழகர்னாங்க. அழகா இல்லையாங்கறதுலயே ஒத்துப்போகாத சபை, விசுவாச அறிக்கையில அதைச் சேர்க்கல. நிறத்தை வெச்சு யாருக்கும் இரட்சிப்பு கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல. இது வரைக்கும் சித்தப்பா பக்கம்தான் நான்.

என் பக்கத்து ஆட்களுக்கும் ரெண்டு குட்டு வெச்சிடறேன்.

நீவ் செஞ்ச முகத்தை "இதுதான் இயேசுவின் உண்மை முகம், விஞ்ஞானம் நிரூபித்தது"ன்னு பரப்பறவங்களே, அது இயேசு முகம் இல்ல. இயேசுவோட மண்டை ஓடு யார்கிட்டயும் இல்ல. அது ஜெருசலேம் பகுதியில கிடைச்ச, அதே காலத்து வேற ஒரு மனுஷனோட மண்டை ஓடு. எலும்பு மேல எந்த இடத்துல எவ்வளவு சதை இருக்கும்ங்கற அளவை வெச்சு களிமண்ணால முகத்தை ஏத்துவாங்க. தாடை, கன்ன எலும்பு, நெத்தி ஓரளவு நம்பிக்கையாச் சொல்லலாம். மூக்கு நுனி, உதடு, காது எல்லாம் ஊகம்தான். தோல் நிறம், முடி, கண் நிறம் எலும்புல எழுதியிருக்காது. அதையெல்லாம் அந்தப் பகுதியில கிடைச்ச பழைய ஓவியங்களை வெச்சு நிரப்பினாங்க. முடியைக் குட்டையா வெச்சதுக்குக்கூட, ஆண் நீள முடி வெச்சுக்கறது கௌரவமில்லைன்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதினதும் ஒரு காரணம். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் டெய்லர் 2018ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாங்க. எலும்புக்கூடுகள், பழைய துணிகள், நாணயங்கள், சுவரோவியங்கள் எல்லாத்தையும் அலசிட்டு அவங்க சொல்றது: சராசரி உயரம் சுமார் 166 செ.மீ., பழுப்புத் தோல், கருமையான முடி, பழுப்புக் கண். ஒரு சராசரியைத்தான் சொல்றாங்க, ஒருத்தரோட புகைப்படத்தை இல்ல.

ரெண்டாவது குட்டு, "வெள்ளை இயேசு படம் உண்மையில் சீசர் போர்ஜியா என்ற போப்பின் மகனுடைய படம்"னு வருஷா வருஷம் வர்ற ஃபார்வர்டுக்கு. போர்ஜியா பிறந்தது 1475ல. நீள முடியும் தாடியுமா இருக்கற இயேசு, சீனாய் மலை அடிவாரத்துல இருக்கற புனித கத்தரீன் மடத்துல ஆறாம் நூற்றாண்டு ஓவியமாவே இருக்கார். போர்ஜியாவோட கொள்ளுத்தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா பிறக்கறதுக்கு முன்னாடி. ஒரு பொய்யை உடைக்க இன்னொரு பொய் வேண்டாம்.

சரி, அப்போ நம்ம வீட்டுக் காலண்டர் முகம் எங்கேருந்து வந்துச்சு?

நமக்குக் கிடைச்சிருக்கற மிகப் பழைய இயேசு ஓவியங்கள்ல ஒண்ணு சிரியாவுல, துரா யூரோப்பஸ்ங்கற ஊர்ல, வீட்டையே கோயிலா மாத்தின ஒரு இடத்துல கிடைச்சது. கி.பி. 235 வாக்குல வரைஞ்சது. முடக்குவாதக்காரனைக் குணமாக்கற காட்சி. எழுந்தவன் படுக்கையைத் தூக்கி முதுகுல போட்டுக்கிட்டு நடக்கறான். டாக்டர்ங்கறதால எனக்கு அந்தப் படம் மேல தனிப் பிரியம். அதுல இயேசுவுக்குத் தாடியே கிடையாது. குட்டை முடி வெச்ச ஒரு இளைஞர். ரோமாபுரி சுரங்கக் கல்லறைகள்லயும் அப்படித்தான், ஆட்டைத் தோள்ல போட்ட மீசை முளைக்காத மேய்ப்பன். அரசாங்கமே கிறிஸ்தவமா மாறின பிறகுதான் சிம்மாசனமும், தாடியும், தெய்வ ராஜா தோரணையும் வந்து நிலைச்சது.

வெள்ளைத் தோல் இன்னும் பின்னாடி. ஐரோப்பியர்கள் தங்களை மாதிரி வரைஞ்சாங்க. இயேசுவை நேர்ல பார்த்த ஒரு ரோம அதிகாரி எழுதினதா லெந்துலு கடிதம்னு ஒண்ணு இடைக்காலத்துல சுத்துச்சு. பழுத்த கொட்டை நிறத்துல தலைமுடி, சுருக்கமில்லாத முகம்னு அங்க லட்சணம் முழுக்க அதுல இருக்கும். போலிக் கடிதம்னு 15ஆம் நூற்றாண்டுலயே லொரென்சோ வல்லா சொல்லிட்டார். சொல்லி என்ன, ஓவியம் அந்தப் பக்கமே போயிடுச்சு.

நம்ம பாக்கெட் அளவுப் படம், லேமினேஷன் படம், கடிகாரத்துக்குள்ள இருக்கற படம் எல்லாத்துக்கும் பெரிய மூலம் ஒண்ணு இருக்கு. சிகாகோவுல விளம்பரப் படம் வரைஞ்சுக்கிட்டிருந்த வார்னர் சால்மன். 1924ல ஒரு சபைப் பத்திரிகைக்காகக் கரிக்கோல்ல போட்ட படத்தை 1940ல வண்ணத்துல வரைஞ்சார். இளம்பழுப்பு அலை முடி, மேல் நோக்கின பார்வை, பின்னாடி மஞ்சள் வெளிச்சம். சொன்னதும் உங்க கண்ணு முன்னாடி வந்திருக்கும். ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாய்களுக்குச் சட்டைப்பைப் படமாக் கொடுத்தாங்க. 50 கோடிப் பிரதிக்கு மேல அச்சானதாச் சொல்றாங்க. சால்மன் கெட்டவர் இல்ல, பக்தியுள்ள மனுஷர். ஆனா நாம "ஆண்டவர் முகம்"னு நினைக்கறது, 1940ல ஒரு அமெரிக்க விளம்பர ஓவியர் கையில பிறந்தது.

இந்த இடத்துல ஒரு நல்ல வாதம் வரும். என் ஃப்ரெண்டு ஒருத்தர், பங்குத்தந்தை, அதைச் சொன்னார். "எல்லா ஊரும் அவரைத் தன்னை மாதிரிதான் வரையுது. எத்தியோப்பியாவுல எத்தியோப்பியர் மாதிரி, சீனாவுல சீனர் மாதிரி. ஐரோப்பாக்காரன் ஐரோப்பியனா வரைஞ்சா மட்டும் குத்தமா? சொல்லப்போனா இதுதான் அவதாரத்தோட அழகு."

ஐரோப்பாக்காரன் தன் ஊர்க் கோயில்ல தன் முகத்தை வரைஞ்சதுல குத்தம் இல்ல ஃபாதர். ஆனா எத்தியோப்பியர் வரைஞ்ச இயேசு எத்தியோப்பியாவோட நின்னுட்டார். இவங்க வரைஞ்சவர் மட்டும் கப்பல் ஏறி, பீரங்கியோட, அச்சு இயந்திரத்தோட உலகம் முழுக்கப் போனார். நாம நம்மை மாதிரி வரையவும் இல்ல. வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை கட்டினோம். சேலை நம்மூரு, முகம் வெளியூரு.

"அவர் எங்களை மாதிரியும் இருக்கார்"னு சொல்றது ஒண்ணு. "அவர் அவங்களை மாதிரி இல்லவே இல்ல"ன்னு சொல்றது வேற ஒண்ணு. முதல் வாக்கியத்துலேருந்து ரெண்டாவதுக்கு எவ்வளவு சுலபமாப் போகலாம்ங்கறதுக்கு ஜெர்மனி இருக்கு.

1939 மே 6ஆம் தேதி, லூத்தர் ஒளிஞ்சிருந்து புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த அதே வார்ட்பர்க் கோட்டையில, ஒரு நிறுவனத்தோட தொடக்க விழா நடந்துச்சு. பேரைக் கேளுங்க: ஜெர்மன் திருச்சபை வாழ்வில் யூதத் தாக்கத்தை ஆராய்ந்து அகற்றும் நிறுவனம். நடத்தினது நாஜிக் கட்சி இல்ல, பல மாநிலப் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள். கல்விப் பொறுப்பு வால்டர் குருண்ட்மன், யேனா பல்கலைக்கழகப் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். கலிலேயாவுல பல இனத்தவர் கலந்து இருந்தாங்க, அதனால இயேசு பெரும்பாலும் யூதரா இருந்திருக்க மாட்டார்னு 1940ல புத்தகமே எழுதினார். அதே வருஷம் இந்த நிறுவனம் "சுத்தம் செய்யப்பட்ட" புதிய ஏற்பாடு ஒண்ணை வெளியிட்டுச்சு. தாவீதின் குமாரன்ங்கற வம்ச வரலாறு அவுட். பழைய ஏற்பாட்டு மேற்கோள்கள் அவுட். பாட்டுப் புத்தகத்துலேருந்து சீயோன், அல்லேலூயா எல்லாம் அவுட். அல்லேலூயா இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனையை நினைச்சுப் பாருங்க.

1941 டிசம்பர்ல ஏழு மாநிலத் திருச்சபைகள் சேர்ந்து ஒரு அறிவிப்பு விட்டுச்சு. ஞானஸ்நானம் வாங்கின யூதக் கிறிஸ்தவர்களுக்கும் சபையில இடமில்லைன்னு. ஞானஸ்நானம் இனத்தை மாத்தாதாம். அந்தக் கணக்குப்படி பேதுருவுக்கு இடமில்ல, பவுலுக்கு இடமில்ல, மரியாளுக்கு இடமில்ல. எட்டாம் நாள்ல விருத்தசேதனம் செஞ்ச, ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துக்குப் போன, பஸ்கா சாப்பிட்ட அந்த நாசரேத்து மனுஷரையே வாசல்ல நிறுத்தியிருப்பாங்க, நெஞ்சுல மஞ்சள் நட்சத்திரத்தோட.

இவங்க எல்லாம் காட்டுமிராண்டிங்க இல்ல. கிரேக்கம் படிச்சவங்க, போதகர்கள், பேராசிரியர்கள். அவங்க கோயில்கள்ல ஒவ்வொரு சுவர்லயும் ஏற்கனவே பொன்முடி இயேசு இருந்தார். பல தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, "இவர் யூதர் இல்ல"ன்னு ஒரு பேராசிரியர் சொன்னா அதிர்ச்சி வராது. அவன் கண்ணு அதை முன்னாடியே நம்பியிருக்கும். படம்தான் யூதர்களைக் கொன்னுச்சுன்னு நான் சொல்லல. யூத வெறுப்புக்குப் பல நூற்றாண்டு வேர் இருக்கு. ஆனா தடுத்திருக்கக்கூடிய ஒரு கேள்வியை அந்தப் படம் எழவே விடல: நாம அடிக்கறது யாரோட சொந்தக்காரங்களை?

அந்தக் கேள்வியை வரைஞ்சது ஒரு யூதர். 1938ல மார்க் ஷகால் வரைஞ்ச வெள்ளைச் சிலுவை மரணம்ங்கற ஓவியம். சிலுவையில இருக்கறவரோட இடுப்புத்துணி, யூதர்கள் ஜெபத்துக்குப் போர்த்தற சால்வை. சுத்தி ஜெப ஆலயம் எரியுது, ஜனங்க ஓடறாங்க. கிறிஸ்தவ ஓவியர்களுக்குக் கை வராத இடத்துல அவருக்கு வந்துச்சு.

குருண்ட்மன் என்ன ஆனார்னு கேக்கறீங்களா? பேராசிரியர் வேலை போச்சு. ஆனா கிழக்கு ஜெர்மனியில திருச்சபைப் பணியிலயே இருந்து சுவிசேஷங்களுக்கு விளக்கவுரை எழுதினார். அதை வெச்சுப் பாடம் படிச்சவங்க நிறைய பேர். 1976ல இறந்தார்.

சமாரியப் பெண்ணை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? அவங்க கண்ணுக்கு முதல்ல தெரிஞ்ச அந்த ஒரு விஷயம் முக்கியம். நிறம் முக்கியமில்லாம இருக்கலாம். அவர் யூதர்ங்கறது முக்கியமில்லைன்னு எந்தக் கிறிஸ்தவரும் சொல்ல முடியாது. அதைக் கழிச்சா சுவிசேஷத்துல மிச்சம் நிக்கறது ரொம்பக் கொஞ்சம்.

இப்போ நிறத்துக்கே வர்றேன். அதுக்கு அமெரிக்கா போகணும்.

1957ல எபோனி பத்திரிகையில மார்ட்டின் லூதர் கிங் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கிட்டிருந்தார். ஒரு வாசகர் கேட்டார்: உலகத்துல பெரும்பாலானவங்க வெள்ளையா இல்லாதப்போ, கடவுள் ஏன் இயேசுவை வெள்ளையராப் படைச்சார்? கிங் சொன்ன பதிலோட சாரம்: அவர் தோல் நிறத்தால எந்த வித்தியாசமும் இல்ல, கடவுளோட அவருக்கு இருந்த உறவுதான் அவரைத் தனித்துவமாக்குச்சு. அப்படியே எங்க சித்தப்பா பதில். கிங் சொன்னது தப்புன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா ஒண்ணு கவனிங்க. "அவர் வெள்ளையரே இல்லையே அப்பா"ன்னு அந்தப் பதில்ல முதல்ல சொல்லியிருக்கணும். கேள்விக்குள்ளயே இருந்த பொய் அப்படியே தப்பிச்சுடுச்சு. வாசகர்களே அதைக் கேட்டாங்க.

1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை. அலபாமா மாநிலம் பர்மிங்ஹாம்ல 16ஆம் தெரு பாப்டிஸ்ட் சபை. கறுப்பின மக்களோட கோயில். ஆராதனைக்கு முன்னாடி வெள்ளை இனவெறிக் கும்பல் வெச்ச குண்டு வெடிச்சு நாலு சிறுமிகள் செத்துப்போனாங்க. மூணு பேருக்கு 14 வயசு, ஒருத்திக்கு 11. அதுல மூணு பேருக்கு அடக்க ஆராதனையில பேசினவர் இதே கிங்தான். குண்டு வெச்சவங்களும் ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவங்கதான், கும்பலோட சின்னமே எரியற சிலுவை.

அந்தக் கோயில்ல இயேசு உருவம் வரைஞ்ச வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒண்ணு இருந்துச்சு. வெடிப்புல ஜன்னல் பெரும்பாலும் அப்படியே நின்னுச்சு. முகம் மட்டும் பெயர்ந்து போச்சு. கறுப்பின மக்கள் தங்க கோயில்லயே ஒரு வெள்ளை முகத்தைத்தான் வெச்சு வணங்கிக்கிட்டிருந்தாங்க. இப்போ அந்த இடத்துல ஒரு ஓட்டை.

சேதியைக் கேட்ட வேல்ஸ் நாட்டுக் கண்ணாடி ஓவியர் ஜான் பெட்ஸ், புது ஜன்னல் செஞ்சு தர்றேன்னார். வெஸ்டர்ன் மெயில்ங்கற அந்த ஊர்ப் பத்திரிகை காசு திரட்டுச்சு. ஒருத்தர் அதிகபட்சம் அரை கிரவுன்தான் கொடுக்கணும்னு உச்சவரம்பு. பணக்காரர் எவரும் மொத்தமாக் கொடுத்துப் பேர் வாங்கிடக் கூடாது, சாதாரண ஜனங்க கொடுத்ததா இருக்கணும்னு. பிள்ளைங்கல்லாம் வரிசையில நின்னு சில்லறை போட்டாங்க. 1965ல ஜன்னல் பர்மிங்ஹாம் போய்ச் சேர்ந்துச்சு. அதுல சிலுவையில கையை விரிச்சு நிக்கறவர் கறுப்பர். ஒரு கை கொடுமையைத் தள்ளுது, இன்னொரு கை மன்னிப்பை நீட்டுது. கீழே மத்தேயு 25ஆம் அதிகாரத்துலேருந்து எடுத்த வாசகம், சிறியவங்களுக்குச் செஞ்சது எனக்கே செஞ்சதுங்கற அர்த்தத்துல.

அந்த ஜன்னல் இன்னைக்கும் இருக்கு. முதல் நூற்றாண்டு யூதர் அலபாமா கறுப்பர் மாதிரி இருந்தார்னு பெட்ஸ் சொல்ல வரல. வரலாற்று முகம் வேணும்னா பழுப்பு யூதரைத்தான் வரையணும். குண்டு யார் மேல விழுந்துச்சோ அவங்களோட இருக்கறவர்னு சொல்றாங்க. 1969ல ஜேம்ஸ் கோன் கறுப்பு இறையியல்னு எழுதினப்போ சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். இங்க யாரும் யாரையும் கழிக்கல. குருண்ட்மன் இயேசுவை ஒரு ஜனத்துக்கிட்டேருந்து பிடுங்கினார். பெட்ஸ் ஒரு ஜனத்துக்கிட்டக் கொண்டு போய்க் கொடுத்தார். முகத்தை மாத்தினது ரெண்டு பேரும்தான், ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க ஃபாதர்.

2020ல, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியே இயேசுவை வெள்ளையரா மட்டும் காட்டற வழக்கத்தை யோசிச்சுப் பார்க்கணும்னு சொன்னார். உடனே வந்த எதிர்ப்பு என்ன தெரியுமா? நிறம் முக்கியமில்லையே, ஏன் மாத்தணும்? கிறிஸ்துமஸ் அன்னைக்கு எங்க குரூப்ல வந்த அதே மெசேஜ்.

சரி, அது அவங்க ஊர்ப் பிரச்சினை, உனக்கென்னன்னு கேப்பீங்க.

நான் ஸ்கூல் படிக்கும்போது கிறிஸ்துமஸ் நாடகத்துல வருஷா வருஷம் ஏரோது ராஜாவோட சேவகன். ஒரு வருஷம் ப்ரமோஷன் கிடைச்சு சாத்தான். வசனம் நல்லாப் பேசுவேன், ஆனாலும் யோசேப்பு வேஷம் வரல. கலரா இருக்கற பிள்ளைங்களை மரியாளாவும் தேவதூதராவும் நிறுத்துவாங்க, எங்களை மேய்ப்பராக் கம்பளி போத்தி ஓரமா. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. சுவர்ல இருந்த படத்தோட பொருந்தற மாதிரி ஆள் எடுத்தாங்க, அவ்வளவுதான். போன வருஷம் எங்க அக்கா பொண்ணு, எட்டு வயசு, சண்டே ஸ்கூல்ல வண்ணம் தீட்டற தாள்ல இயேசுவுக்குப் பழுப்புக் க்ரேயான் அடிச்சிருக்கா. டீச்சர் சிரிச்சுக்கிட்டே, ஆண்டவர் நல்ல கலர்டா தங்கம், மாத்தி அடின்னு ரோஸ் க்ரேயானை எடுத்துக் கையில கொடுத்திருக்காங்க. அவ கையும் நான் இருக்கற நிறம்தான்.

நான் வேலை பார்க்கற அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல, ஆணா பெண்ணான்னு கேட்ட அடுத்த கேள்வி "கலரா இருக்கா டாக்டர்?" பாட்டிங்க குழந்தையோட காது நுனியைத் திருப்பிப் பார்ப்பாங்க, வளர்ந்தா என்ன நிறம் வரும்னு. ஓபியில வாரம் ஒரு முகமாவது வரும், மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கின ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மாசக்கணக்காப் போட்டு, தோல் மெலிஞ்சு, ரத்தக் குழாய் சிவப்பாத் தெரிஞ்சு, பரு வெடிச்சு. நிறுத்தினா எரியும், நிறுத்தலைன்னா இன்னும் மெலியும். பெரும்பாலும் இருபது வயசுப் பொண்ணுங்க, கல்யாணப் பேச்சு நடக்கறப்போ.

இதுக்கெல்லாம் சால்மன் படம் காரணம்னு சொன்னா நான் முட்டாள். நம்ம சிவப்பு மோகத்துக்குச் சாதி இருக்கு, சினிமா இருக்கு, வெள்ளைக்காரன் ஆட்சி இருக்கு. கிறிஸ்தவங்க அல்லாத வீடுகள்லயும் அதே க்ரீம்தான். ஆனா பாருங்க, இத்தனை பேர் "நீ மட்டம்"னு சொல்ற ஊர்ல, அப்படி இல்லைன்னு சொல்ல வேண்டிய ஒரு இடம் கோயில். அங்கேயும் பலிபீடத்துக்கு மேல அதே விளம்பரம் மாட்டியிருந்தா, அந்தக் குழந்தை எங்க போகும்?

"நிறம் முக்கியமில்ல"ன்னு சொல்றது எப்பவும், ஏற்கனவே மாட்டியிருக்கற நிறத்துக்குச் சாதகமாத்தான் முடியும். "சபையில சாதி இல்ல"ங்கற வாக்கியம் மாதிரி. சொல்றவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க, சில ஊர்க் கல்லறைத் தோட்டத்துல நடுச்சுவர் நின்னுக்கிட்டே இருக்கு.

வீட்டுல இருக்கற படத்தை உடைங்கன்னு நான் சொல்லல. எங்க அம்மா ஜெபம் பண்ற படமும் அதுதான். அப்பா ஐசியுல இருந்த பதினோரு நாளும் அவங்க கையில இருந்தது அந்தச் சட்டைப்பைப் படம். அதைப் பிடுங்க எனக்கு மனசும் இல்ல, உரிமையும் இல்ல. நான் கேக்கறது ரொம்பச் சின்னது. சண்டே ஸ்கூல்ல பழுப்புக் க்ரேயானைக் கையிலேருந்து வாங்காதீங்க. இந்த வருஷம் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது மரியாளா ஒரு கருத்த பொண்ணை நிறுத்துங்க. நாசரேத்துப் பொண்ணு எப்படியும் ரோஸ் பவுடர் நிறத்துல இருந்திருக்க மாட்டா. அவர் யூதர்னு வருஷத்துல ஒரு தடவையாவது பிரசங்கத்துல வாய் விட்டுச் சொல்லுங்க, பரிசேயரைத் திட்டற பிரசங்கத்துலயே சொன்னா இன்னும் நல்லது.

சித்தப்பா, உங்களுக்கு ஒண்ணு. அவர் செஞ்ச தொழிலுக்கு மாற்கு போடற கிரேக்கச் சொல் தெக்தோன். தச்சர்னு நாம மொழிபெயர்க்கறோம். மரம், கல் எதுலயும் வேலை செய்யற கட்டட ஆளுக்கும் அந்தச் சொல் பொருந்தும். வெயில்ல நின்னு, தோள்ல சுமந்து, கூலி வாங்கின உடம்பு. நீங்க அந்தப் படத்தைப் பார்த்ததும் லோடுமேன்னு சொன்னீங்க பாருங்க, குரூப்ல இருந்த நாற்பத்திமூணு பேர்ல அவரைச் சரியா அடையாளம் கண்டது நீங்க ஒருத்தர்தான்.

படம் இன்னும் குரூப்லயேதான் இருக்கு.